வாடகை யார் கணக்கில்?

மணிமங்கலம்

அன்புள்ள தங்கைக்கு,

அஞ்சல் கணக்குப் பிரிவில் சேர்ந்த கையோடு ஒரு பெரிய வேலை உன்னிடம் வந்திருக்கிறது. அஞ்சலகக் கட்டடங்களின் வாடகையைக் கடிதம், பார்சல், சேமிப்பு என்று ஒவ்வொரு சேவைக்கும் பிரித்துப் போடும் முறையைப் புதுப்பிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். பழைய சதவீதத்தையே எடுத்துப் போட்டால் போதாதா என்றும் கேட்டிருந்தாய். போதாது அம்மா. ஏன் போதாது என்பதை உனக்குப் பின்னால் இந்த வேலைக்கு வருகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

ஓர் அஞ்சலட்டையின் விலை 50 காசு. அதே அட்டைக்குத் துறை செய்யும் செலவு 12 ரூபாயைத் தாண்டுகிறது என்று சில ஆண்டுகளுக்கு முன் செய்தித்தாள்களில் வந்தது. படித்தவர்கள் பலர் உடனே கேட்டது, இந்த அட்டை இன்னும் எதற்கு என்றுதான். அந்த 12 ரூபாய் எப்படிக் கட்டப்பட்டது என்று கேட்டவர்கள் குறைவு. அதில் பெரும்பகுதி சம்பளம். மீதியில் ஒரு துண்டு கட்டடம். அந்தத் துண்டை யாரோ ஒரு கணக்கர் ஏதோ ஒரு விகிதத்தில் பிரித்திருக்கிறார். இனி அந்தக் கணக்கர் நீ. நீ போடும் விகிதம் நாளை ஒரு சேவையை நிறுத்தலாமா, கட்டணத்தை உயர்த்தலாமா என்று பேசுகிற மேசைக்குப் போகும்.

இந்தத் தொழிலுக்கு நல்ல மூதாதையர் உண்டு. 1837இல் இங்கிலாந்தில் ரோலண்ட் ஹில் வெளியிட்ட சிறு நூலில் ஒரு கணக்கு இருக்கிறது. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைக் கொண்டுசேர்க்கும் போக்குவரத்துச் செலவு ஒரு பென்னியில் 36இல் ஒரு பங்குதான் என்று அவர் காட்டினார். தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கியதற்கு அடிப்படையே இல்லை என்று தெரிந்தது. 1840இல் நாடு முழுக்க ஒரு பென்னி தபால் வந்தது. இந்தியாவிலும் 1854இல் தூரம் பாராமல் எடைக்கு மட்டும் அரையணாக் கட்டணம் வந்தது. செலவைச் சரியாகப் பிரித்துப் பார்த்ததால்தான் ஏழைக்கும் கடிதம் எழுத வாய்த்தது. நீ செய்யப்போவதும் அந்த வகை வேலைதான்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் மேசையை விட்டு எழுந்து அஞ்சலகத்துக்குப் போ. குத்தகைப் பத்திரத்தின் நகலையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொள். கணக்குக்காக ஒரு துணை அஞ்சலகத்தை வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 சதுர அடி, மாத வாடகை 20,000 ரூபாய். கவுன்டரும் மக்கள் நிற்கும் கூடமும் 400. தபால் பிரித்து, தபால்காரர்கள் பட்டுவாடாப் பகுதி (பீட்) வாரியாக அடுக்கும் இடம் 250. பார்சல் குவிக்கும் இடம் 150. பணப்பெட்டக அறையும் ஆவண அறையும் 80. ஆதார் மேசை 70. வழியும் கழிப்பறையும் 50. கடைசி 50 எல்லோருக்கும் பொது. ஆகவே வாடகையை மற்ற 950 சதுர அடி மேல் பரப்பினால் சதுர அடிக்கு 21 ரூபாய் 5 காசு வரும்.

அந்த அலுவலகத்தில் மாதம் 20,000 கடிதமும் 1,000 பார்சலும் வருகின்றன என்று கொள். பழைய பழக்கப்படி உருப்படி எண்ணிக்கையை வைத்துப் தபாலுக்கும் பார்சலுக்குமான பின்பக்க 400 சதுர அடியின் வாடகையான 8,421 ரூபாயைப் பிரித்தால், கடிதத்துக்கும் 40 காசு, பார்சலுக்கும் 40 காசு. அளந்த இடப்படி பிரித்தால் கடிதத்துக்கு 26 காசு, பார்சலுக்கு 3 ரூபாய் 16 காசு. கட்டடமும் அதேதான், வாடகையும் அதேதான். எண்ணிக்கை முறையில் கடிதம் எழுதுகிறவர் பார்சல் குவியலுக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார். கடிதம் குறைந்து பார்சல் பெருகும் காலத்தில் இந்தப் பிழை ஆண்டுக்கு ஆண்டு வளரும். பழைய சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறவர்களிடம் இந்த நான்கு எண்களைக் காட்டு.

ஒரு முறை அளந்துவிட்டு வந்துவிடாதே. அஞ்சலகத்தின் தரை நேரத்துக்கு நேரம் ஆள் மாறும். காலையில் பை வந்ததும் பின்பக்கம் முழுக்கத் தபால். தபால்காரர்கள் பீட்டுக்குக் கிளம்பியபின் அதே மேசை காலி. கவுன்டரில் ஆர்.டி. என்னும் தொடர் வைப்பு கட்டுகிறவர்களும் பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புக் கணக்குக்காரர்களும் நிற்பார்கள். சாயங்காலம் ஸ்பீட் போஸ்ட் உறைகள் அந்த மேசைக்கே திரும்ப வரும். ஒரே சன்னலில் காலையில் சேமிப்பு, மதியம் பார்சல் புக்கிங் என்றும் நடக்கும். ஆகவே தனி வேலைக்கென்று ஒதுங்கிய இடத்துக்குச் சதுர அடி, பகிர்ந்து ஆளும் இடத்துக்குச் சதுர அடியோடு நேரம் என்று இரண்டு அளவுகோலும் வேண்டும். மாதத் தொடக்கத்தில் ஒரு வாரமும் நடுவில் ஒரு வாரமும் பார். ஆர்.டி. முகவர்கள் கட்டு கட்டாக வந்து நிற்கும் நாளில் கூடம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்தவருக்குத்தான் அந்தக் கூடத்தைப் பிரிக்கும் உரிமை.

சேவைகளின் பட்டியலே மாறிவிட்டது என்பதையும் மறக்காதே. 2013 ஜூலையில் தந்தி நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் நாட்டிலேயே முதலாவதாகச் சென்னை கிரீம்ஸ் ரோடு அஞ்சலகம் கோர் பேங்கிங்குக்கு மாறியது. 2017 ஜனவரியில் அஞ்சலகத்துக்குள் பாஸ்போர்ட் சேவை மையங்கள் வரத் தொடங்கின. 2018 செப்டம்பரில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி அதே கவுன்டர்களுக்கு வந்தது. 2025இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு இணைந்தது. தந்தி இருந்த நாளில் எழுதிய விகிதத்தில் இந்தச் சேவைகளில் பலவற்றுக்குக் கணக்கேட்டில் வரிசையே இருக்காது. வரிசை இல்லாதவர் வாடகை இல்லாமல் குடியிருப்பார். அவர் பங்கை மற்றவர்கள் கட்டுவார்கள்.

ஒரு சேவை நின்று அதன் அறை பூட்டிக் கிடந்தால், அந்த வாடகையை மிச்சமிருக்கும் சேவைகளின் மேல் சத்தமில்லாமல் பரப்பிவிடாதே. “பயன்படாத இடம்” என்று தனி வரி போடு. அந்த இடத்தை வைத்திருப்பதா, திருப்பிக் கொடுப்பதா என்பது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு. அஞ்சலட்டையின் விலைக்குள் அதை ஒளித்துவைத்தால் அந்த முடிவை யாரும் எடுக்கவே மாட்டார்கள். போஸ்ட்மாஸ்டர் குடியிருப்பு சேர்ந்த கட்டடமானால், குடியிருப்புப் பகுதியைப் பிரித்துச் சம்பளச் செலவோடு சேர்.

அடுத்துச் சொல்வதுதான் இந்தக் கடிதத்தின் மையம். கணக்கில் வராத வாடகையையும் தேடு.

துறையின் சொந்தக் கட்டடத்தில் இருக்கும் அஞ்சலகத்துக்கு மாத வாடகை என்று ஒன்றும் எழுதப்படாது. பராமரிப்புச் செலவு மட்டும் இருக்கும். பக்கத்து ஊர் அஞ்சலகம் வாடகைக் கட்டடத்தில் இருக்கும். ஒரே பார்சல், ஒரே உழைப்பு. ஆனால் ஓரிடத்தில் மலிவாகவும் மற்றோரிடத்தில் நட்டமாகவும் தெரியும். சொந்தக் கட்டடத்துக்கும் அந்தப் பகுதியின் நியாய வாடகையை நிழல் எண்ணாக எழுதிப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

நம் பகுதியில் இது இன்னும் கூர்மை. இருங்காட்டுக்கோட்டைக்குக் கார் ஆலை வந்த நாளிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால் வரை நிலத்தின் விலை என்ன ஆனது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியே கட்டித் திறந்தார்கள். கிடங்குக்கும் தொழிலாளர் தங்கும் அறைக்கும் கட்டடம் கேட்டு ஆள் வரும் ஊரில், அஞ்சலகக் குத்தகை புதுப்பிக்கும் நாளில் கட்டடக்காரர் சந்தை வாடகையைத்தான் கேட்பார். அந்த உயர்வுக்குக் காரணம் அஞ்சலட்டை இல்லை, செல்வமகள் கணக்கும் இல்லை. ஊர் இருக்கும் இடம் காரணம். கடிதக் கட்டணம் நாடு முழுக்க ஒன்று என்றால், இட விலையின் ஏற்ற இறக்கத்தையும் அஞ்சல் வட்ட அளவில் சராசரி ஆக்கித்தான் அதன் மேல் போட வேண்டும். எந்த அலுவலகத்தைத் தொடர்வது, எதை இடம் மாற்றுவது என்று முடிவெடுக்கும்போது மட்டும் அந்த ஊரின் உண்மை வாடகையைக் காட்டு. இரண்டு கேள்விக்கும் ஒரே எண்ணைக் கொடுக்காதே.

இதைவிட மறைந்து கிடக்கும் வாடகை ஒன்று உண்டு. நாட்டின் 1 லட்சத்து 64 ஆயிரத்துக்கு மேற்பட்ட அஞ்சலகங்களில் மிகப் பெரும்பாலானவை கிளை அஞ்சலகங்கள். அவற்றை நடத்துகிறவர் கிராம அஞ்சல் ஊழியரான கிளை போஸ்ட்மாஸ்டர். அஞ்சலகம் நடத்த இடம் தருவது அவர் பொறுப்பு என்பதே வேலைக்கான நிபந்தனை. 2018 ஊதியத் திருத்தத்தில் இட வாடகை, அலுவலகப் பராமரிப்பு, செல்போன், மின்சாரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கூட்டுப்படி வந்தது. வரையறுத்த தரத்தில் இடம் இருந்தால் மாதம் 500 ரூபாய், இல்லையென்றால் 250. இந்தத் தொகைக்கு நம் பக்கத்தில் யாராவது அறை கொடுப்பார்களா என்று யோசித்துப் பார். பெரும்பாலும் அவர் வீட்டின் முன்னறைதான் அஞ்சலகம். அந்த அறையில் தபால் பை, ஸ்பீட் போஸ்ட், ஆர்.டி. கணக்கு, பேமென்ட்ஸ் வங்கியின் கைரேகைக் கருவி எல்லாம் நடக்கின்றன. சேவைகளுக்குப் பிரிக்க உன் ஏட்டில் வருவது அந்த 250 அல்லது 500 மட்டும். மீதியைக் கட்டுவது அவர் குடும்பம்.

அந்த இடத்துக்கு நியாய வாடகை எவ்வளவு என்று ஒரு நிழல் வரி எழுதும் அதிகாரம் உனக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் “இந்தச் செலவு இந்தக் கணக்கில் சேரவில்லை, இது ஊழியர் தோளில் இருக்கிறது” என்று ஒரு குறிப்பு எழுத உன்னை யாரும் தடுக்க முடியாது. கிராமத்துச் சேவை எவ்வளவு மலிவு என்று பேசுகிற ஒவ்வொரு மேசையிலும் அந்தக் குறிப்பு இருக்க வேண்டும்.

மணிமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கொடுத்த நிலத்தைக் குழி அளவோடு பொதுச் சுவரில் வெட்டிவைத்தார்கள். யார் எதைக் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பது எல்லோரும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது நம் ஊருக்குப் புதிதல்ல. கிளை போஸ்ட்மாஸ்டர் கொடுக்கும் அறைக்கும் அந்த மரியாதை வேண்டும்.

இனி எச்சரிக்கை. செலவைப் பிரிக்கிறவரைத் தேடி இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வருவார்கள். அஞ்சலகச் சேமிப்பை நடத்துவதற்காக நிதி அமைச்சகம் துறைக்கு ஊதியம் தருகிறது. துறையின் வருமானத்தில் அது மிகப் பெரிய பங்கு. ஆகவே வாடகையைச் சேமிப்பின் பக்கம் கொஞ்சம் தள்ளினால் என்ன என்று ஒரு குரல் வரும். பார்சலுக்குத் தனியார் கூரியர்களோடு போட்டி. அதன் செலவைக் குறைத்துக் காட்டி, மீதியைக் கடிதத்தின் தலையில் கட்டினால் என்ன என்று இன்னொரு குரல் வரும். இரண்டும் தப்பு. கொடுக்கக்கூடியவர் என்பதற்காக ஒருவர் மேல் வாடகை போடாதே. பேசாதவர் என்பதற்காக இன்னொருவர் மேல் போடாதே. யார் இடத்தை ஆள்கிறாரோ அவர் மேல் போடு.

இதற்கு உலகத்தில் எழுதிவைத்த வழிமுறை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1997 அஞ்சல் நெறியாணை ஒரு படிவரிசை சொல்கிறது. நேராக ஒரு சேவைக்கே உரிய செலவை அதற்கே எழுது. முடியாதபோது செலவு எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராய்ந்து பிரி. அதுவும் முடியாதபோது அதையொத்த இன்னொரு செலவின் வழியாகப் பிரி. எதுவுமே கைகூடாத மிச்சத்துக்கு மட்டும் பொது விகிதம். நம்மவர்கள் பலர் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார்கள். அமெரிக்காவிலோ 2006ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்துக்குப் பிறகு அஞ்சல் துறை செலவைப் பிரிக்கும் முறையைத் தானே மாற்றிக்கொள்ள முடியாது. அஞ்சல் ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வைத்து, பொதுமக்கள் கருத்தையும் கேட்டபின்தான் மாறும். நமக்கு அப்படி ஓர் ஆணையம் இல்லை. அதனால் நேர்மையின் சுமை கணக்கர் மேல் கூடுதலாக விழுகிறது.

கடைசியாக ஒன்று. எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும், நீ பிரித்த எண் ஒரு சேவைக்குத் தீர்ப்பு ஆகாது. நாளையே அஞ்சலட்டையை நிறுத்தினால் அந்தத் துணை அஞ்சலகத்தின் வாடகை ஒரு ரூபாய்கூடக் குறையாது. பீட் மேசை கடிதத்துக்காக அங்கேயே இருக்கும். அட்டையின் பங்காக எழுதிய வாடகை மற்ற சேவைகளின் மேல் விழும். “பங்கு” வேறு, “நிறுத்தினால் மிச்சமாகும் தொகை” வேறு. உன் அறிக்கையில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போடு. இரண்டாவது பத்தி இல்லாத அறிக்கையை யாராவது எடுத்துக்கொண்டுபோய் ஒரு சேவையை மூடிவிடக்கூடும்.

வரும் வாரமே தொடங்கு. நான்கு அலுவலகங்கள் போதும்: சொந்தக் கட்டடம் ஒன்று, வாடகைக் கட்டடம் ஒன்று, ஒரகடம் பக்கத்தில் பார்சல் அதிகம் வரும் இடம் ஒன்று, கிளை அஞ்சலகம் ஒன்று. பழைய முறையில் வந்த எண்ணையும் புதிய முறையில் வந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வை. அளந்த தேதியையும், அடுத்து எப்போது அளக்க வேண்டும் என்பதையும் எழுது. முறை மாறியதால் வந்த வித்தியாசத்தைச் செலவு ஏறியதாக யாரும் படித்துவிடாதபடி முதல் பக்கத்திலேயே சொல். யாராவது உன் எண்ணை மறுத்தால் வாதாடாதே. அளவு நாடாவைக் கொடுத்து, அந்த அலுவலகத்துக்கே அழைத்துப் போ.

அன்புடன்,
இதே தொழிலில் மூத்த உன் ஊர்க்காரன்