மதகைக் குறைக்கச் சொன்னால்

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலையில் 30 கோபுரங்கள், மொத்தம் 103.5 மெகாவாற். இப்படியான கோபுரங்களை நிறுத்தப் பாரந்தூக்கி போய்வர, மண் நிரப்பி உயர்த்திய றோட்டு வேண்டும். தட்டையான மணல் தீவில் அந்த றோட்டே அணையாகிவிடும். மாரி வெள்ளம் கடலுக்கு வடியாமல் ஊருக்குள் தேங்குகிறது என்பது மன்னார் மக்களின் முறைப்பாடு.

அப்படியொரு றோட்டும், தண்ணீர் வடிய அதன் அடியில் வைக்கும் மதகுகளும் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன என்று வையுங்கள். “மதகைப் பாதியாக்கு, திகதி தப்பக்கூடாது” என்கிறார் மேலதிகாரி. “அது பிழையான பொறியியல்” என்று வாதாடினால் தோற்பீர்கள். அவர் பார்ப்பது காசும் திகதியும். பதிலையும் அவற்றிலேயே சொல்லுங்கள்.

“சேர், நாலு மதகைக் குறைச்சா இவ்வளவு மிச்சம். மாரிக்கு வீடுகளுக்குள்ள தண்ணி ஏறினா, போட்ட றோட்டை வெட்டித் திரும்ப மதகு வைக்க இவ்வளவு. சனம் மறிச்சா ஒரு மாசம் போயிடும்.”

இது வெறும் பூச்சாண்டி அல்ல. 2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கியபோது, வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைக்கச் சொன்னார் ஜனாதிபதி. சும்மா நிற்கும் பாரந்தூக்கிக்கும் வாடகை உண்டு.

எல்லாவற்றுக்கும் மல்லுக்கட்டாதீர்கள். வேலியின் வகை, காவற்கொட்டிலின் கூரை, பெயின்ற் எல்லாம் போகட்டும். அத்திவாரத்திலும் வடிகாலிலும் மட்டும் நில்லுங்கள். பறவை விடயத்தை வரைபடக் கட்டத்திலேயே கிளப்புங்கள். பக்கத்திலுள்ள வங்காலை பறவைகள் கூடும் இடம், 2010 முதல் சர்வதேச ராம்சார் பட்டியலில் உள்ள ஈரநிலம். தாளில் கோபுரத்தை நகர்த்த அழிறப்பர் போதும், கொங்கிறீற் விழுந்த பிறகு யாரும் நகர்த்தமாட்டார்கள்.

கூட்டம் முடிந்த அன்றைக்கே மூன்று வரி மின்னஞ்சல் போடுங்கள்: “மதகுகளை 8 இலிருந்து 4 ஆகக் குறைக்கத் தீர்மானிக்கப்பட்டது. வடிகால் கணக்கு இணைப்பில். 8 வேண்டும் என்பது என் பரிந்துரை.” குற்றஞ்சாட்டும் தொனி வேண்டாம். சிலர் இதைப் பார்த்ததும் தீர்மானத்தை மாற்றுவார்கள். சிலர் கோபிப்பார்கள், அந்தக் கோபம் மாரிக்கு முன் ஆறிவிடும்.

அழுத்தம் மிக மேலிருந்து வந்தால் இன்னும் நிதானம் வேண்டும், பிறகு வாபஸ் வாங்க வேண்டிவருவதைச் சொல்லாதீர்கள். 2022 ஜூனில் மின்சார சபைத் தலைவர் எம்.எம்.சி. பெர்டினாண்டோ, மன்னாரில் புதிய காற்றாலைத் திட்டத்தை இந்தியாவின் அதானி நிறுவனத்துக்குக் கொடுக்க அழுத்தம் இருந்ததாக, அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றக் கோப் குழுவில் சொன்னார். பிறகு அதை வாபஸ் வாங்கினார். சில நாட்களில் பதவியையும் விட்டார். கடைசியில் அதானி நிறுவனமே 2025 பெப்ரவரியில் அந்தத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது.

நாலு மதகோடு கட்டிவிட்டு, எட்டு இருப்பதாகக் கையொப்பமிடச் சொல்லிச் சான்றிதழ் நீட்டினால் மட்டும் பேச்சுவார்த்தை இல்லை. பேனையை மூடி வையுங்கள்.