தாடைத் தசை வலியும் ‘டி’ வைட்டமின் குறைவும்

வயலில் உழைப்போருக்கு வெயிலுக்குக் குறைவில்லை. தறிக்குழியில் காலை முதல் மாலை வரை அமர்ந்திருக்கும் நெசவாளருக்கோ அது கிட்டுவது அரிது. தோலில் வெயில் படும்போதே நம் உடல் ‘டி’ வைட்டமினைப் பெரும்பாலும் உண்டாக்கிக்கொள்கிறது. அது குறைந்தால் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடலில் சரிவரச் சேராது. எலும்பும் தசையும் நோகும். தாடையின் மெல்லும் தசையும் இதற்கு விலக்கன்று.

இக்குறை உள்ளவருக்குத் தாடை வலித்தால் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, தாடைக்கு ஓய்வு. சில நாட்கள் குழைந்த சாதம், கஞ்சி, இட்லி ஆகியவற்றை உண்க. வெற்றிலை பாக்கை விட்டுவிடுக. வேலையின் மும்முரத்தில் பற்களை இறுகக் கடிக்கும் வழக்கத்தைக் கவனித்து நிறுத்த வேண்டும். உதடுகள் மூடியிருக்கலாம், பற்கள் ஒன்றையொன்று தொடலாகாது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்தில் பத்து நிமிஷம் இதமாக ஒத்தடம் கொடுத்தால் தசை தளரும்.

இரண்டாவது, குறையை நிரப்புதல். இரத்தத்தில் இச்சத்து மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழிருந்தால் குறைவு எனக் கொள்வது வழக்கம். டாக்டர்கள் பெரும்பாலும் வாரம் ஒரு முறை 60,000 யூனிட் மருந்தைச் சில வாரங்களுக்குக் கொடுப்பர். அதையே தினமும் உண்டால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து சிறுநீரகம் கெடும். மருந்து ஒன்றே தாடை வலியைத் தீர்த்துவிடும் என்றும் எண்ணலாகாது.

சொத்தைப் பல்லாலும் தாடை வலிக்கும். தாடை வலியோடு நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், வியர்வை சேர்ந்தால் அது இருதய நோயாகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க.

நண்பகலை ஒட்டிச் சற்று நேரம் தறியைவிட்டு எழுந்து, கை கால்களில் வெயில் பட முற்றத்தில் நிற்போமாக. செலவில்லாத இச்சத்தை நாம் இழக்கலாகாது.