கட்டு வெட்டிய கையில் அடங்காத எரிவு

கேள்வி: என் கணவர் கொட்பே துறைமுகத்தில் மீன்பிடித் தொழில் செய்பவர். படகில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எலும்பு பொருந்திவிட்டதாம். ஆனால் பிளாஸ்டர் வெட்டிய பிறகு கை வீங்கிச் சிவந்து தீயாய் எரிகிறது. சட்டைக் கை பட்டாலே துடிக்கிறார். சீ.ஆர்.பீ.எஸ். என்றார்கள். கிளினிக்கில் தந்த அமிட்ரிப்டிலின் மனநோய்க் குளிசை என்று யாரோ சொல்ல, நிறுத்திவிட்டார். கன்னியா வெந்நீர்க் கிணற்று நீரில் கையை நனைத்தால் மாறுமா?
– வாசகி, திருகோணமலை

பதில்: சகோதரி, முதலில் அந்தக் குளிசை. மனச்சோர்வுக்கு அதிக அளவில் கொடுக்கும் மருந்துதான் அது. நரம்பு வலிக்கு இரவில் 10 மில்லிகிராம் அளவில் தொடங்குவோம். வாய் உலரும், தூக்கம் வரும். இதய நோயோ சிறுநீர் அடைப்போ இருந்தால் வைத்தியரிடம் சொல்லிவிட்டு மீண்டும் தொடங்கட்டும். பலன் தெரியச் சில கிழமைகள் ஆகும்.

அவர் நடிக்கவில்லை. எலும்பு பொருந்திய பின்னும் வலி நரம்புகள் அடங்காமல் இருப்பதே சீ.ஆர்.பீ.எஸ். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டுபட்ட படைவீரர்களிடம் இதே எரிவைக் கண்டு 1864இல் எழுதியவர் சைலஸ் வியர் மிச்செல். ஷெல் துண்டு பட்டு நரம்பு காயப்பட்டவர்களுக்கும் இது வரலாம். உங்கள் ஊரில் அப்படி எரிவோடு இருப்பவர்களும் வைத்தியசாலைக்கு வரவேண்டும்.

தொடக்கத்தில், வீக்கமும் சூடும் உள்ளபோது, குறுகிய காலத்துக்கு பிரட்னிசொலோன் என்ற ஸ்டெராய்டு கொடுப்பதுண்டு. சீனி வருத்தம் இருந்தால் மறைக்காதீர்கள், சீனி ஏறும். எலும்புத் தேய்வுக்குத் தரும் அலென்ட்ரோனேட் வகை மருந்துகளும் ஆரம்ப மாதங்களில் வலியைக் குறைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. நரம்பு வலிக் குளிசைகளான கபாபென்டின், பிரிகாபலின் அடுத்த தெரிவு. பிரிகாபலினைப் போதைக்காக விற்கிறார்கள் என்பதால் சீட்டில்லாமல் ஒருபோதும் வாங்க வேண்டாம். தொடங்கினால் திடீரென நிறுத்தவும் கூடாது. ட்ரமடோல் என்ற வலிநிவாரணியில் மாதக்கணக்காகத் தங்கியிருப்பதை நான் விரும்புவதில்லை. கெட்டமின் ஏற்றுவது வேறெதுவும் சரிவராதவர்களுக்கு, வைத்தியசாலையில் மட்டும்.

இவற்றில் எதுவும் தனியே நோயை மாற்றாது. வலியைத் தணித்துக் கையை அசைக்க வைப்பதே மருந்தின் வேலை. கையைப் பொத்தி வைத்தால் மூட்டு இறுகிவிடும். இயன்மருத்துவரிடம் கண்ணாடிப் பயிற்சி கேளுங்கள்: நல்ல கை அசைவதைக் கண்ணாடியில் பார்க்கும்போது, நோயுற்ற கையே வலியின்றி அசைவதாக மூளைக்குத் தோன்றும். தமிழரான வி.எஸ்.ராமச்சந்திரன் 1990களில் உறுப்பிழந்தவர்களின் வலிக்காக உருவாக்கியது அது.

கன்னியாவுக்குப் போகலாம். அவருக்கு இதம் தரும் இளஞ்சூடு போதும், சுடும் கிணறு வேண்டாம். நோய் அதனால் மாறாது. ஐஸ் பெட்டிக்குள் கையை விடும் வேலையை இப்போதைக்கு வேறொருவர் செய்யட்டும், கடுங்குளிர் எரிவைக் கூட்டும். எண்ணெய் போட்டு இறுக்கி உருவுவதும் வேண்டாம்.

காய்ச்சலோ சீழோ கண்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். குளிசை தொடங்கிய புதிதில் தூக்கக் கலக்கம் தெளியும்வரை அவரைக் கடலுக்கு விடாதீர்கள்.