ஊழியத்துக்கு வந்தால் குடும்பம் என்னாகும்?

கேள்வி: வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வர அழைப்பை உணர்கிறேன். மனைவி, பிள்ளைகளை நினைத்தால் பயமாக இருக்கிறது. தேவன் எங்களைப் போஷிப்பாரா?

பதில்: நிச்சயம் போஷிப்பார், சகோதரரே. ஆனால் எல்லாருக்கும் ஒரே வழியில் அல்ல. கேரீத் ஆற்றண்டையில் எலியாவுக்குக் காகங்கள் காலையும் மாலையும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன. ஆறு வற்றியதும், சாறிபாத் விதவையின் பானையில் இருந்த ஒரு பிடி மாவு குறையாமல் வந்தது. நிலத்தில் பங்கு இல்லாத லேவியருக்கு ஜனங்களின் தசமபாகம் கிடைத்தது. பவுலோ கொரிந்துவில் ஆக்கில்லாவோடு சேர்ந்து கூடாரம் செய்து பிழைத்தார். அவர் காவலில் இருந்தபோது பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி அனுப்பியது.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1836-ல் அநாதை இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர், தேவைகளை ஜெபத்தில் மட்டுமே சொன்னார்; யாரிடமும் பணம் கேட்கவில்லை. கடனும் வாங்கவில்லை. வந்த காணிக்கைகளுக்குக் கணக்கு எழுதி ஆண்டுதோறும் வெளியிட்டார். 1898-ல் அவர் இறப்பதற்குள் சுமார் 10,000 பிள்ளைகள் அந்த இல்லங்களில் பராமரிக்கப்பட்டார்கள். விசுவாசமும் ஒழுங்கும் அவரிடம் கைகோத்து நடந்தன.

ஆகவே அவசரப்பட்டு ராஜினாமா எழுதாதீர்கள். மனைவியோடு சேர்ந்து ஜெபியுங்கள், போதகரிடம் பேசுங்கள், கடன் இருந்தால் அடைத்துவிடுங்கள். வேலை செய்துகொண்டே ஊழியம் செய்வது விசுவாசக் குறைவு அல்ல. அழைத்தவர் உண்மையுள்ளவர், தைரியமாயிருங்கள்.