கேபின் தரையில் ஏறும் சூடு

கொட்டாம்பட்டி வழியாக மதுரைக்கும் திருச்சிக்கும் பழைய லாரி ஓட்டுகிறவர்களிடம் கோடையைப் பற்றிக் கேட்டால், வெயிலைவிடக் காலைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். மேலே அடிக்கும் வெயிலுக்கு ஜன்னல் காற்று இருக்கிறது. கீழேயிருந்து ஏறும் சூட்டுக்கு எதுவும் கிடையாது. எஞ்சின் டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவே பானெட்டுக்குள் இருக்கும். சைலன்சர் குழாய் தரைக்கு ஒரு சாண் கீழே ஓடும். பாரத்தோடு மேடு ஏறும்போது எஞ்சினை ஒட்டிய குழாயின் சூடு 400 டிகிரியைக்கூடத் தொடும். சிட்டம்பட்டி டோல்கேட்டில் வண்டி வரிசையில் நிற்கும்போது அந்தச் சூடு முழுக்க நேராக மேலே வந்துவிடும்.

புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. நல்ல விதி. ஆனால் சிங்கம்புணரி கயிறும் நத்தம் மாங்காயும் ஏற்றிக்கொண்டு இன்னும் பல வருடம் ஓடப்போகிற பழைய வண்டிகளுக்கு அது பொருந்தாது. அந்த வண்டிகளில் உட்காரும் ஆட்களுக்காகத்தான் எங்கள் வண்டியில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

சூடு தாங்கவில்லை என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது கனமான மேட். அது கடைசி வேலை. முதல் வேலை ஓட்டைகளை அடைப்பது. ரேடியேட்டரைத் தாண்டி வரும் அனல் காற்றை ஃபேன் பின்னால் தள்ளுகிறது; அது கேபினுக்கு அடியில் போய் எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அங்கே நுழைகிறது. ராத்திரியில் வண்டிக்கு அடியில் ஒரு டார்ச்சை எரியவிட்டு, கேபினுக்குள் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கிளட்ச், பிரேக் பெடல் இறங்கும் துளை, ஸ்டியரிங் ராடு போகும் இடம், கியர் ராடைச் சுற்றிக் கிழிந்துபோன ரப்பர், எப்போதோ கழற்றிய போல்ட்டின் துளை, பானெட் மூடியின் விளிம்பு என்று வெளிச்சம் ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுக்கும். எங்கள் வண்டியில் கியர் ராடு பக்கத்தில் மட்டும் இரண்டு விரல் போகிற இடைவெளி இருந்தது. கியர் ராடுக்குப் புது ரப்பர், பானெட் விளிம்புக்குப் பஸ் கதவில் போடுகிற பீடிங், மற்ற துளைகளுக்குச் சின்னத் தகடும் ரிவிட்டும். செலவு குறைவு, பலன் அதிகம். இதைச் செய்யாமல் மற்ற எதையும் தொடாதீர்கள்.

அடுத்தது புகைக் கசிவு. இது வெறும் சூட்டுப் பிரச்சினை இல்லை. மேனிஃபோல்டு பேக்கிங் போயிருந்தாலோ, ஃபிளாஞ்சு போல்ட் தளர்ந்திருந்தாலோ கேபினுக்குள் வருவது விஷப்புகை. அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மத்தியானத் தலைவலியை வெயில் தலைவலி என்று நினைத்து ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். கசியும் இடத்தில் கறுப்பாகக் கரி படிந்திருக்கும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை கிளம்பும். பேக்கிங்கை மாற்றாமல் அதன்மேல் எதையும் சுற்றக்கூடாது. எஞ்சினை ஓடவிட்டுக் கேபினில் தூங்குவதும் கூடவே கூடாது.

குழாயில் சுற்றக் கண்ணாடி இழை டேப் கிடைக்கிறது. தண்ணீரில் ஊறவைத்து, கால்வாசி மேல்விழும்படி இழுத்துச் சுற்றி, ஸ்டீல் கிளாம்பு போட வேண்டும். கையுறையும் முகமூடியும் போடாமல் தொட்டால் நாள் முழுக்க அரிக்கும். முதல் ஓட்டத்தில் கொஞ்சம் புகையும், பிறகு நின்றுவிடும். மேனிஃபோல்டில் சுற்ற வேண்டாம். உள்ளே சூடு தேங்கி வார்ப்பு வெடிக்கும். துருப்பிடித்து மெலிந்த குழாயிலும் வேண்டாம். டேப் ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை இன்னும் வளர்க்கும். ஆயில் சொட்டும் வண்டியில் டேப் ஆயிலைக் குடித்துத் தீப்பிடிக்கும், அதனால் முதலில் ஒழுக்கை நிறுத்துங்கள். சில பட்டறைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு எடுத்து வருவார்கள். அதன் தூசு நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும்; ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் ஆஸ்பெஸ்டாஸுக்கே தடை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை தகடு. குழாய்க்கும் தரைக்கும் நடுவே ஒரு அலுமினியத் தகடு, தரையைத் தொடாமல் ஒரு அங்குலம் கீழே தொங்க வேண்டும். அந்த ஒரு அங்குலக் காற்றுதான் உண்மையான தடுப்பு. மேலூரில் எங்களுக்கு வேலை செய்த டிங்கர் அண்ணன், "தம்பி, தகட்டைத் தரையோட ஒட்டி அடிச்சா தரை ரெண்டு சுத்து கனமாகும், அவ்வளவுதான். இடைவெளி விட்டாத்தான் வேலை செய்யும்" என்றார். பழைய இரும்புக் குழாயை அங்குலத் துண்டுகளாக அறுத்து, அவற்றை நடுவில் வைத்து போல்ட் போட்டார். தகட்டின் முன்னும் பின்னும் திறந்தே இருக்க வேண்டும். ஓடும்போது காற்று புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகும். ஒரு மில்லிமீட்டர் தகடு போதும். ஆஃப்செட் அச்சகங்களில் எடைக்குப் போடும் பழைய பிளேட்டும் அலுமினியம்தான். ஆனால் அது மெல்லியது. ஓரத்தை மடித்து அடிக்காவிட்டால் கடகடக்கும், கையைக் கிழிக்கும். பளபளப்பு குழாயைப் பார்த்திருக்கட்டும், பெயின்ட் அடிக்காதீர்கள். சேறும் ஆயிலும் படிந்தால் தகடு சூட்டைத் திருப்பி அனுப்பாது, தானே குடித்துக்கொள்ளும். வாட்டர் சர்வீஸ் விடும்போது அடியிலும் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள்.

குழாயே குளிர்ந்தால் இன்னும் நல்லது. குழாய் வீசும் வெப்பம் அதன் சூட்டோடு நேர்க்கணக்கில் ஏறுவதில்லை, மளமளவென்று ஏறும். 400 டிகிரிக் குழாய் 300-க்கு இறங்கினால் வீச்சு ஏறக்குறைய பாதியாகிவிடும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், பம்ப் டைமிங் பின்தங்கியிருந்தாலும் புகையின் சூடு ஏறும். குவாரிச் சாலைகளில் ஓடுகிற வண்டியில் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகு மேட். அலுமினியத்தாள் ஒட்டிய நைட்ரைல் ஃபோமைப் போட்டு, மேலே ரப்பர் மேட். தெர்மாகோல் உருகும், சாக்கு டீசல் குடித்தால் பற்றிக்கொள்ளும், இரண்டும் வேண்டாம். மேட்டின் கனம் பெடலின் முழு ஓட்டத்தைத் தடுக்கக்கூடாது, மேட் நகரவும் கூடாது. பிரேக்கை அடிவரை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். தரை பிளைவுட் என்றால் அடிப்பக்கம் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கறுத்த பலகை பற்றிக்கொள்ளத் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பின்னால் தேங்காய் நார் ஏற்றுகிறவர்கள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விடக்கூடாது.

செய்த வேலை பலித்ததா என்று பார்க்க, கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி போதும். பளபளக்கும் அலுமினியத்தில் அது பொய்யாகக் குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே பாரம், ஒரே சாலை, ஒரே நேரம் இருந்தால்தான் கணக்கு சரி. அளக்கும்போது டிரைவர் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கள் வண்டியில் குழாய் இறங்குவது கிளீனர் பக்கம். அந்தப் பையன் காலைத் தூக்கி சீட்மேல் மடக்கி உட்கார்ந்தே ஊர் ஊராக வந்துகொண்டிருந்தான். இப்போது செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் கால் வைத்து வருகிறான்.