மரம் ஏறுவோருக்கு உடலுக்கேற்ற பாதுகாப்பு பெல்ட்

போடிநாயக்கனூரை அடுத்த ஏலமலைச் சரிவுகளில் தென்மேற்குப் பருவமழைக்கு முன் நிழல் மரங்களைக் கவாத்து செய்வதும், குளிர்காலத்தில் மிளகு பறிப்பதும் உயரத்தில் நின்று செய்யும் வேலைகள். இவற்றுக்கென ஒரே ஒரு பெரிய பெல்ட்டை வாங்கி, ஆளுக்கு ஆள் மாற்றி மாட்டுவது சரியன்று. மெலிந்த, குட்டையான ஆள் தவறி விழும்போது தொளதொளத்த பெல்ட் மேலே வழுக்கி, விலாவை நெரித்து மூச்சை அடைக்கும். தலைகீழாகக் கவிழ்ந்தால் ஆளே நழுவிவிடக்கூடும்.

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் வேண்டாம். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட்டையே, ஐ.எஸ். 3521 முத்திரை பார்த்து, சிறிய அளவு என்று கேட்டு வாங்குக. சில நூறு ரூபாய் மிச்சம் பார்க்கும் இடம் இதுவல்ல. தோள் வாரையும் தொடை வாரையும் தனித்தனியே இறுக்க வசதி இருத்தல் அவசியம். பெரிய பெல்ட்டின் வாரை முடிச்சிட்டுச் சுருக்குவதும், புதிதாகத் துளையிடுவதும் கூடாது, வலு குறைந்துவிடும்.

வேலைக்கு அணியும் உடையோடு, ஸ்வெட்டர் போடுவோர் அதனுடனே, அளவு பாருங்கள். தொடை வாருக்குள் விரித்த கை நுழைய வேண்டும். மூடிய கை நுழையக் கூடாது. மார்பு வார் கழுத்துக்கு ஏறாமல் நெஞ்சின் நடுவே நிற்கட்டும். முதுகு வளையம் தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே அமைய வேண்டும். சேலையின் மேல் தொடை வார் சரியாகப் பிடிக்காது. பெண்கள் கால்சட்டை அணிவது நலம்.

பின்னர், துணைக்கு ஆள் நிற்க, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஓரிரு நிமிடம் தொங்கிப் பார்க்கவும். வார் நழுவினாலோ, கால் மரத்தாலோ அந்த அளவு உங்களுக்கு ஆகாது.

விழுந்த ஆளை ஒருமுறை தாங்கிய பெல்ட்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள். தொங்குபவரை உடனே இறக்க ஏணியும் ஆளும் அருகில் இருத்தல் வேண்டும். அசையாமல் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும்.