நிமிர்ந்து நிற்கக் கற்போம்

கிராமங்களில் பணியாற்றும் நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு: "பாதர், உடம்பெல்லாம் உளைவு, தோளைத் தூக்க ஏலாமல் கிடக்கு." வலிக்குளிசை ஒன்றைப் போட்டுவிட்டு மறுநாளும் வேலைக்குப் போகின்றனர். இந்த உளைவு எங்கிருந்து வருகின்றது, அதைத் தணிக்க நமது குழுக்களில் என்ன செய்யலாம் என்பதை இப்பாடத்தில் நோக்குவோம்.

இறுக்கம் உண்டாகும் விதம்

ஆபத்து வரும்போது உடல் தானாகவே ஆயத்தமாகின்றது. இதயம் விரைந்து துடிக்கும், தோள்கள் உயரும், தாடை இறுகும். ஓடித் தப்பவோ எதிர்த்து நிற்கவோ இறைவன் தந்த ஏற்பாடு இது. ஆபத்து நீங்கியதும் தசைகள் தளர வேண்டும். ஆனால் அச்சம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் உடல் தளர்வதையே மறந்துவிடுகின்றது.

கொழும்பு வாழ் தமிழர் இதை அனுபவத்தில் அறிவர். 2007 யூன் 7ஆந் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. நீதிமன்றக் கட்டளை ஒரே நாளில் வந்தது. உடலின் அச்சம் அவ்வளவு விரைவில் நீங்குவதில்லை. பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் இரவில் கதவு தட்டப்பட்டால் இன்றும் தோள் இறுகுகின்றவர்கள் உள்ளனர்.

மலையகத்தில் வேறொரு சுமையும் சேர்கின்றது. கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, சரிவில் நாள் முழுவதும் நிற்கும் பெண்ணின் கழுத்து முன்னே சாய்ந்துவிடுகின்றது. மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அது முன்னே சாயச் சாய, கழுத்தும் முதுகும் தாங்கும் பாரம் பன்மடங்காகும்.

யாழ்ப்பாணத்தின் அனுபவம்

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மனக்காயம் அடைந்த நம்மவர் பலர் தலையிடி, உடல் உளைவு என்றே மருத்துவரிடம் வருவதை எடுத்துக்காட்டினார். மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், உடலைப் பிடித்துவிடுதல், செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் ஆகிய நமது வழக்கங்களைச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். இவற்றோடு, அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக வெளியிட்ட தசை தளர்த்தும் முறையையும் பயன்படுத்தினார். "தளர்ந்திரு" என்று சொன்னால் எவராலும் தளர முடியாது. முதலில் இறுக்கத்தை உணர வேண்டும் என்பதே ஜேக்கப்சனின் முறைக்கு அடிப்படை.

செய்முறை

1. பாயில் மல்லாந்து படுக்கவும். அல்லது சாய்ந்து அமரவும். மெதுவாக ஐந்து முறை மூச்சு விடவும்.

2. கைகளைப் பொத்தி 5 விநாடி இறுக்கவும். பின் விட்டுவிட்டு, 20 விநாடி அந்த வேறுபாட்டைக் கவனிக்கவும்.

3. இவ்வாறே தோள், முகம், வயிறு, கால் என ஒவ்வொன்றாகச் செய்யவும். வலியுள்ள இடத்தை இறுக்க வேண்டாம். மூச்சை அடக்க வேண்டாம்.

4. கொழுந்து நிறுக்கும் வேளையில் கூடையை இறக்கிவைத்து, இடுப்பில் கைவைத்து மெதுவாக ஐந்து முறை பின்னே வளைந்து நிமிரவும்.

கண்ணை மூடினால் பழைய காட்சிகள் வருகின்றவர்கள் கண்ணைத் திறந்தபடியே செய்யலாம், விரும்பினால் நிறுத்தலாம். சம்மதமின்றி எவரையும் தொட்டுப் பிடித்துவிடலாகாது. கைகால் மரத்தல், சிறுநீர் கட்டுப்பாடின்மை, காய்ச்சலோடு கூடிய முதுகுவலி இருந்தால் உடனே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்.

விசுவாசமும் உடலும்

இது நமது விசுவாசத்துக்கு ஏற்றதா எனச் சிலர் கேட்கின்றனர். 1989 ஒக்டோபரில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தியானம் பற்றி வெளியிட்ட மடல், உடலின் நிலை செபத்துக்கு உதவக்கூடும் என ஏற்றுக்கொள்கின்றது. உடலில் தோன்றும் அமைதியைத் தூய ஆவியின் ஆறுதலாகவே எண்ணிவிடக் கூடாது எனவும் எச்சரிக்கின்றது. இரண்டையும் நாம் மனதில் கொள்வோம்.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் 18 ஆண்டுகள் கூனியாயிருந்த பெண்ணை இயேசு நிமிர்த்துகின்றார். தொழுகைக்கூடத் தலைவனோ, வேறு நாளில் வரலாமே என்கின்றான். நோவைத் தாங்கிக்கொண்டு இருக்கச் சொல்வது எளிது. அதேவேளை, பயிற்சி கூலிக்குப் பதிலாகாது. கூடையின் பாரத்தையும் அது குறைக்காது. நிமிர்ந்த உடலோடு அவற்றைக் கேட்கப் போகலாம். அதற்கே இந்தப் பயிற்சி.

கலந்துரையாட

- நமது ஊரில் யாருக்கு எந்த இடத்தில் வலி? அவர்கள் செய்யும் வேலை என்ன?

- அந்த வேலையில் எதை மாற்றினால் வலி குறையும்? அதை யாரிடம் கேட்க வேண்டும்?

- மாதர் சங்கக் கூட்டத்தின் முதற் பத்து நிமிடத்தை இப்பயிற்சிக்கு ஒதுக்க முடியுமா?